அணைத்த பிறகும் வந்த புகை

இது நடந்தது போன மார்கழியின் கடைசியில், எம். புதுப்பட்டியிலிருந்து சிவகாசிக்கு வரும் சாலையில். மணி ஆறரை இருக்கும். நன்றாக இருட்டவில்லை, ஆனால் விளக்குப் போடாமல் ஓட்டவும் முடியாது. அப்படி ஒரு நேரம்.

எங்கள் வீடு விருதுநகரில். நான் ஒரு பருப்பு மொத்தக் கடையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணவருக்கு வெளியூரில் வேலை, மாதத்துக்கு இரண்டு முறை வருவார். ஒரே மகள், பி.எட். படிக்கிறாள். பயிற்சிக்காக எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள். பத்தாம் வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு உண்டு, அது முடிந்து இரண்டு பஸ் மாறி அவள் வீட்டுக்கு வர எட்டு மணி ஆகிவிடும். இரண்டு நாள் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்து பார்த்தேன். மூன்றாம் நாள், "நானே காரில் வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

கார் என்றால் என் மாமனார் வாங்கிய பழைய அம்பாசிடர். கியர் ஸ்டீயரிங்கை ஒட்டி இருக்கும். முன்னால் தனித்தனி இருக்கை கிடையாது, பெஞ்சு மாதிரி ஒரே நீளச் சீட்டு. இன்றைக்கும் தெருவில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் ஹெட்லைட்டில்தான். அதைப் போட்டால் எதிரே வருகிறவருக்கு நாம் வருவது தெரியும், நமக்கு ஒன்றும் தெரியாது.

எதையும் ஏன், எப்படி என்று நோண்டிப் பார்க்கிற புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பாட்டரி புதிது, பல்பு புதிது, பிறகு வெளிச்சம் எங்கேதான் போகிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கைச் சுற்றியிருக்கும் வளையத்தைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் கிண்ணம், ரசம் போன கண்ணாடி மாதிரி கறுத்துக் கிடந்தது. போனில் வீடியோக்களாகப் பார்த்தேன். பழைய வண்டிக்குப் புது விளக்கு மாட்டுவது எப்படி என்று உலகத்தில் எத்தனை பேர் சொல்லித் தருகிறார்கள்! சமையல் வீடியோகூட நான் அவ்வளவு பார்த்ததில்லை.

எங்கள் மெக்கானிக் மாலை போட்டு மலைக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. உதிரிபாகக் கடைக்குப் போய்க் கண்ணாடியும் கிண்ணமும் சேர்ந்த புது செட்டும், இருப்பதிலேயே வெளிச்சமான நூறு வாட் பல்பு இரண்டும் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரிலே போடுறீகளாக்கா?" என்று கேட்டார். ரிலே என்றால் ஒரு சின்னப் பெட்டி. விளக்குக்கான மின்சாரத்தைப் பழைய ஒயர் வழியாக விடாமல், பாட்டரியிலிருந்து புது ஒயரில் நேராகக் கொண்டுபோகும். வீடியோவிலும் சொன்னார்கள். அந்தப் பகுதி நீளமாக இருந்ததால் நான் தள்ளிவிட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம், இப்ப பல்பு மட்டும் குடுங்க" என்று வாங்கி வந்துவிட்டேன்.

நானே மாட்டினேன். சாயங்காலம் காரைக் காம்பவுண்டுச் சுவருக்கு நேராக நிறுத்தி, வெளிச்சம் விழும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சரி செய்தேன். சுவரில் இருந்த எறும்பு வரிசைகூடத் தெரிந்தது. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி, மாப்பிள்ளை அழைப்பா? இம்புட்டு வெளிச்சம்?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

நான்கு நாள் ஒரு தொந்தரவும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவேன். அம்பாசிடரில் வெளிச்சத்தை உயர்த்தி இறக்கும் பொத்தான் தரையில் இருக்கும், காலால் மிதிக்க வேண்டும். மிதிக்கும்போது உள்ளங்காலில் லேசாகச் சூடு தெரிந்தது. எஞ்சின் சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அவள் பின்சீட்டில்தான் உட்காருவாள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணை எதற்குப் பின்னால் உட்கார வைக்கிறாய் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அதுதான் பத்திரம் என்பது என் முடிவு. கொஞ்ச தூரம் வந்ததும், ஒரு புளியமரத்தடியில் தூக்குச்சட்டியோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். என் மகள் அவரைக் கண்டுகொண்டு, "யம்மா, நிறுத்துங்க. நம்ம கிளாஸ் பிள்ளையோட அம்மா" என்றாள்.

பட்டாசுக் கம்பெனியில் வேலை. கம்பெனி வேன் போய்விட்டதாம், பஸ்ஸும் வரவில்லை. போகிற வழியில்தான் அவர் ஊர். நான் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டேன். அவர் ஏறவில்லை. "சேலையெல்லாம் மருந்துக்கா. கை கால் கழுவுனாலும் மடிப்புல நிக்கும். சீட்டு வீணாயிரும்" என்றார். பரவாயில்லை என்றேன். உண்மைதான், அவருடைய கொசுவத்தில் வெள்ளிப் பொடி தூவிய மாதிரி மினுமினுத்தது.

உடனே உட்கார்ந்துவிடுவார் என்று பார்த்தால், திறந்த கதவின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். "இதுல கைப்பிடியே இல்லையே? உள்ள இருந்து எப்படித் திறக்குறது?"

அதற்கு ஒரு கதை உண்டு. மகளுக்கு நாலு வயதிருக்கும்போது, ஓடுகிற காரில் கதவுக் கைப்பிடியை இழுத்துவிட்டாள். கதவு ஒரு சாண் திறந்ததும் என் உயிரே போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின்கதவு இரண்டிலும் உள்கைப்பிடியைக் கழற்றச் சொன்னேன். அவள் வளர்ந்துவிட்டாள், கைப்பிடி மட்டும் திரும்ப ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் நான் இறங்கிப் போய்த்தான் அவளுக்குக் கதவு திறப்பேன். அதில் ஒரு குறை இருப்பதாக எங்கள் இருவருக்குமே தோன்றியதில்லை. இதையெல்லாம் ஒரு அம்மாவின் சாமர்த்தியம்போல அவரிடம் சொன்னேன்.

அவர் சிரித்தார். "இது காராக்கா, பீரோவா? நீங்க திறந்தாத்தான் வெளிய வரணுமா?" என்றவர், "நான் முன்னால உக்காந்துக்கிறேன், தப்பா நினைக்காதீக" என்று முன்கதவுக்குப் போய், அதன் உள்கைப்பிடியை ஒருதரம் இழுத்துப் பார்த்துக்கொண்டார். அதோடு விட்டாரா? பின்னால் குனிந்து, "டீச்சர், நீங்களும் முன்னால வாங்க. மூணு பேர் தாராளமா உக்காரலாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தினமும் மருந்துக்கு நடுவில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், என் காரில் என் மகள் எங்கே உட்கார வேண்டும் என்று எனக்குச் சொல்கிறார். "ஏன், பின்னால இருந்தா என்ன?" என்று கேட்டேன். "எங்க ரூம்ல நாலு பேரு உக்காந்தா நாலு பேருக்கும் வாசல் இருக்கணும்க்கா. பார்க்காம உக்கார மனசு வர மாட்டேங்குது" என்றார். மகளோ எப்போதடா சாக்குக் கிடைக்கும் என்று இருந்தவள்போல எழுந்து முன்னால் வந்துவிட்டாள். நான், நடுவில் மகள், கதவோரம் அந்தப் பெண். புத்தகப்பை மட்டும் பின்சீட்டில்.

கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் எதிரே ஒரு வேன் வந்தது. நான் வெளிச்சத்தை இறக்குவதற்குள் அந்த ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டித் தலையை வெளியே நீட்டி, "எக்கா! சூரியன ரெண்டாப் பொளந்து மாட்டிருக்கீகளா? கண்ணு அவிஞ்சு போகுது!" என்று கத்தினார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். நான் அந்தப் பெண்ணிடம் விளக்கு மாட்டிய கதையை ஆரம்பித்தேன். அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசை. கிண்ணம் என்ன, பல்பு என்ன, இரண்டு விளக்குக்கும் ஒரே ஒயரா என்று கேட்டுக்கொண்டே வந்தார். திடீரென்று பேச்சை நிறுத்தினார்.

"வாடை வருதுக்கா."

பழைய வண்டி, அப்படித்தான் வரும் என்றேன்.

"இல்லக்கா, இது ஒயரு. மருந்து வாடை வேற, இது வேற. நிறுத்துங்க."

நிறுத்த வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. அதற்குள் ஹெட்லைட் ஒருதரம் மங்கி எழுந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழேயிருந்து நூல் மாதிரி புகை வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி முழுதாக நிற்கவில்லை, அந்தப் பக்கத்துக் கதவு திறந்தாயிற்று. அந்தப் பெண் இறங்கிவிட்டார். என் மகளின் மணிக்கட்டைப் பிடித்து அவளையும் இழுத்துக்கொண்டு ஓடுவது ஓரக்கண்ணில் தெரிந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? விளக்கை அணைத்தேன். சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினேன். எல்லாம் அணைந்துவிட்டது, புகை மட்டும் நிற்கவில்லை. முன்பைவிட அதிகமாக வந்தது. எனக்கு ஒரே ஆச்சரியம். எல்லாவற்றையும் அணைத்த பிறகு எங்கேயிருந்து வருகிறது? குனிந்து, தலையை ஸ்டீயரிங்குக்கு அடியில் விட்டு, ஒயர்களுக்கு நடுவில் தேட ஆரம்பித்தேன். சிவப்பாக ஒரு கம்பி, மழைக்காலத்து மண்புழு மாதிரி நெளிவது தெரிந்தது. அதன் மேலிருந்த உறை சொட்டுச் சொட்டாக உருகி விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம்? அரை நிமிடம் இருக்கலாம்.

"எக்கா! என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கீக? மொதல்ல ஓடியாங்க! பெறகு பாக்கலாம்!"

அந்தக் குரலில்தான் நினைவு வந்து வெளியே குதித்தேன். ஐம்பது அடி தள்ளி, வேலிக்கருவை ஓரத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். நான் நேராக அவர்களிடம் ஓடியிருக்க வேண்டும். பின்சீட்டில் மகளின் பை ஞாபகம் வந்தது. மாதக்கணக்கில் எழுதிய ரெக்கார்டு நோட்டு அதில் இருக்கிறது. பின்கதவுக்குக் கையை நீட்டினேன்.

அப்போது அந்தப் பெண் போட்ட சத்தத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. அதில் மரியாதை இல்லை, அக்கா இல்லை. "விட்டுட்டு வாடீ!" என்று மட்டும் புரிந்தது. கையை எடுத்துவிட்டு ஓடினேன். நாலைந்து எட்டு வைத்திருப்பேன், பின்னால் 'பப்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஸ்டீயரிங் இருந்த இடத்தில் தீ.

சாலையின் அந்தப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் கேட். வேலை முடிந்து ஆட்கள் எல்லாம் போய்விட்டார்கள், காவலுக்கு ஒருவர்தான் இருந்தார். அவர் முதலில் செய்தது கேட்டை இழுத்துச் சாத்தியதுதான். அதன் பிறகுதான் சிவப்பு வாளிகள் இரண்டில் மணலோடு ஓடி வந்தார். மணலைத் தீயில் கொட்டினார், திரும்ப ஓடி இன்னும் இரண்டு வாளி கொண்டுவந்தார். தீ அடங்கியும் புகை நிற்காததைப் பார்த்துவிட்டு, "பாட்டரி எங்கன இருக்கு?" என்று கேட்டார். நான் பானெட்டைத் திறந்து காட்டினேன். அவர் ஸ்பானரால் ஒயரைக் கழற்றிய பிறகுதான் அது நின்றது. "வண்டிய என் கேட்டுக்கு நேராத்தான் கொளுத்தணுமா? ரோடு அம்புட்டு நீளம் கெடக்கே!" என்று அவர் வைதபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அந்தப் பெண் வண்டிப் பக்கம் வரவே இல்லை. வர முடியாது. அவர் சேலையில் ஒரு பொறி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூரத்திலேயே நின்று என் மகளைப் பிடித்திருந்தார். அவள் என்னிடம் ஓடிவரத் திமிறியிருக்கிறாள், விடவே இல்லை. மணிக்கட்டில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. நான் போனதும், "டீச்சர் கை செவந்து போச்சு, மன்னிச்சுக்கோங்க. நான் உங்களையும் என்னமோ சொல்லி வஞ்சுட்டேன்" என்றார்.

நான் அவரிடம் இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். "சொல்லிக் குடுக்க என்ன இருக்கு? கதவப் பாக்காம உக்காந்தா போர்மேன் வைவாரு" என்று சாதாரணமாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க ரூம்ல ஒரு புள்ள ஓடி வெளிய வந்துருச்சுக்கா. செருப்ப எடுக்கணும்னு திரும்பிப் போச்சு" என்றார். பஸ் வந்தது, மூன்று பேரும் ஏறினோம். உட்கார இடமிருந்தும் அவர் படியை ஒட்டியே நின்று வந்தார்.

மலையிலிருந்து திரும்பிய மெக்கானிக், கருகிய ஒயர்களை வெளியே இழுத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "கெணத்துல பெரிய மோட்டார மாட்டிட்டு, வாய்க்கால பழசாவே விட்டுட்டீக. ஒடச்சுக்கிட்டுத்தான் போகும்" என்றார். அணைத்த பிறகும் ஏன் புகை வந்தது என்ற என் கேள்வியைத்தான் நான் முதலில் கேட்டேன். உருகியது பாட்டரிக்கும் சுவிட்சுக்கும் நடுவில் இருந்த ஒயராம். நான் அணைத்தது சுவிட்சை. தீயோ மின்சாரம் சுவிட்சுக்கு வரும் வழியிலேயே பிடித்துவிட்டது; உறை உருகிய கம்பி வண்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்ததாம். இந்தப் பழைய வண்டியில் ஹெட்லைட் ஒயருக்கு ஃபியூஸும் கிடையாது, அதனால் பாட்டரியைக் கழற்றாதவரை அது எரிந்துகொண்டேதான் இருக்குமாம். இரண்டு வாரம் பிடித்தது. புது ஒயர், ரிலே, ஃபியூஸ், அளவான பல்பு எல்லாம் போட்டுக் கொடுத்தார். வெளிச்சம் இப்போது நன்றாகவே இருக்கிறது, யார் கண்ணையும் கூச வைப்பதில்லை. பின்கதவுகளுக்கு உள்கைப்பிடியும் போட்டாயிற்று. மகளின் பை தப்பித்துவிட்டது. ரெக்கார்டு நோட்டைத் திறந்தால் மட்டும் இன்னும் கருகல் வாடை வருகிறது.

பொங்கல் முடிந்து அந்தப் பெண்ணைப் பார்க்க அவர் ஊருக்குப் போனோம். நன்றி சொல்ல வாயெடுத்தாலே பேச்சை மாற்றினார். அவருக்கு வேண்டியது வேறு. "சுவிட்ச அணைச்சும் ஏன் எரிஞ்சுச்சு, கண்டுபிடிச்சீகளா?" என்று கேட்டார். மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். ஒரு குச்சியால் தரையில் பாட்டரி, சுவிட்சு, விளக்கு என்று கோடு போட்டுக் காட்டச் சொல்லி, புரியும்வரை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டார். என்னைவிட நல்ல கேள்விகள். நானும் அவரும் ஒரே மாதிரி ஆட்கள்தான் என்று தோன்றியது. ஓடிவிட்டுப் பிறகு கேட்க அவருக்குத் தெரிந்திருந்தது.

மகளைப் பெற்றதிலிருந்து அவளுக்கு என்ன ஆகுமோ என்று பயப்படாத நாள் எனக்குக் கிடையாது. பஸ் தாமதமானால் பயம், போன் எடுக்காவிட்டால் பயம், மழை வந்தால் பயம். அந்தப் பயம்தான் பெரிய விளக்கு வாங்க வைத்தது, கைப்பிடியைக் கழற்ற வைத்தது. உண்மையான ஆபத்து வந்த அந்த அரை நிமிடத்தில் மட்டும் அது எங்கே போனதோ தெரியவில்லை. அந்தப் பெண் அன்று வழியில் நிற்காமல் இருந்திருந்தால், என் மகள் கைப்பிடி இல்லாத கதவுகளுக்கு நடுவில், நான் வந்து திறப்பேன் என்று காத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருப்பாள்.

இதை அவளிடம் நேரில் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. காருக்குள் நான் குனிந்தது அவளைத் தேடத்தான் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்; நான் அவளைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை என்பதை இதைப் படித்து அவள் தெரிந்துகொள்ளட்டும், இனிமேலாவது என் பயத்தை நம்பாமல் அவள் தன் வாசலைத் தானே பார்த்து உட்காரட்டும்.